பெயர் மறைந்த உரைகாரர்: பெருநிறுவன மென்பொருள் நிறுவல் கைந்நூல்களின் சமூக வரலாறு

1. பிரச்சினையின் இயல்பு

உரைநடையின் வரலாற்றை ஆராய்வோர் பொதுவாகப் புனைகதை, கட்டுரை, சமய விளக்கம், பத்திரிகை எழுத்து ஆகியவற்றையே தமது ஆய்வெல்லைக்குள் அடக்குவர். தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் அன்றாடம் கையாளப்படும் பயன்பாட்டு உரைநடை, இலக்கிய வரலாற்றுக்குப் புறம்பானதென்றே கருதப்பட்டு வந்துள்ளது. ஆயினும், 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலே பெருந்தொகையான மனித உழைப்பைச் செலவிட்டு எழுதப்பட்ட உரைநடை வகைகளுள் ஒன்று, பெருநிறுவனங்களின் கணனி மென்பொருளை நிறுவும் முறையை விளக்கும் கைந்நூலாகும். இவ்வெழுத்துவகை எப்பொருளியற் சூழலிலே தோன்றியது, யாருடைய அறிவை யாருக்குக் கைமாற்றியது, அதனை எழுதியோர் ஏன் பெயரற்றோராயினர் என்னும் வினாக்களை இக்கட்டுரையிலே நாம் ஆராய முற்படுகின்றோம்.

முதற்கண் பொருளை வரையறை செய்துகொள்ளல் வேண்டும். வங்கி, காப்புறுதி நிறுவனம், துறைமுகம், பெருந்தொழிற்சாலை முதலியவற்றின் கணக்கு, சம்பளம், களஞ்சியம், கொள்வனவு ஆகியவற்றை ஒருங்கே நடத்தும் மென்பொருளையே இங்கு பெருநிறுவன மென்பொருள் என்கின்றோம். இதனை நிறுவுதல் என்பது ஒரு பெட்டியைத் திறந்து உள்ளிருப்பதை வெளியே வைப்பது போன்ற காரியமன்று. ஏற்கெனவே இயங்கும் வன்பொருள், பணிசெயல் முறைமை, தரவுத்தளம், வலையமைப்பு, பயனர் உரிமைகள் ஆகிய அனைத்துடனும் புதியதொன்றைப் பொருத்தும் வேலை அது. எனவே அதன் கைந்நூல், முன்தேவைகளைக் கூறும், எப்பதிப்பு எப்பதிப்புடன் இணங்கும் என அட்டவணைப்படுத்தும், நிறுவுபவர் முன்கூட்டியே எடுக்கவேண்டிய தீர்மானங்களை வினவும், படிகளை முறைப்படுத்தும், நிறுவியது சரிதானா எனச் சோதிக்கும் வழியையும், தவறின் பழைய நிலைக்கு மீளும் வழியையும் காட்டும்.

இவ்வமைப்பு தமிழிலக்கண மரபிலே பயின்றோருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. ஒரு நூலின் சிறப்புப்பாயிரம் கூறவேண்டியவை என நன்னூல் வகுக்கும் எட்டினுள், நூல் நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியன அடங்கும். நிறுவல் கைந்நூலின் முன்னுரையும் இம்மூன்றையே முதலிற் கூறுகின்றது: இந்நூல் எதனைப் பற்றியது, யாருக்குரியது, இதனாற் பெறப்படுவது யாது என்பனவே அவை. ஆனால், நன்னூல் வகுப்பிலே முதலாவதாக நிற்கும் ஆக்கியோன் பெயர் இக்கைந்நூல்களிலே பெரும்பாலும் இல்லை. இவ்வின்மை தற்செயலானதன்று. அதன் காரணத்தைத் தேடுவதே இவ்வெழுத்துவகையின் சமூக வரலாற்றைத் தேடுவதாகும்.

2. தொடக்க நிலை

கணனிக் கைந்நூல்களின் தொடக்கத்தை இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளிலே காணலாம். ஐ.பி.எம். நிறுவனம் கட்டமைத்து 1944இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய மார்க் 1 பொறிக்கு, 1946இலே ஒரு விரிவான இயக்கக் கைந்நூல் வெளியாயிற்று. ஐந்நூறுக்கு மேற்பட்ட பக்கங்களைக் கொண்ட அந்நூலின் பெரும்பகுதியை எழுதியவர், அப்போது அமெரிக்கக் கடற்படையின் சேமப்படையிற் பணியாற்றிய கணிதவியலாளர் கிறேஸ் ஹொப்பர். எனினும் நூலின் முகப்பிலே ஆக்கியோராகக் குறிக்கப்பட்டவர்கள் 'கணிப்பு ஆய்வுகூடப் பணியாளர்' என்னும் கூட்டத்தாரே. 1949இல் பினாக் என்னும் கணனிக்கு ஜோசப் சப்ளின் எழுதிய கைந்நூலையும் இத்துறையின் வரலாற்றாசிரியர் பலர் ஒரு தொடக்கப் புள்ளியாகக் குறிப்பர்.

இக்காலக் கைந்நூல்களின் சமூகத் தளம் மிகக் குறுகியது. பொறியை ஆக்கியோர், அதனை இயக்குவோர், அதுபற்றி எழுதுவோர் ஆகிய மூவரும் ஒரே கட்டடத்துக்குள் இருந்தனர்; சில வேளை ஒருவரே மூவராகவும் இருந்தார். வாசகருக்கு ஐயம் எழுந்தால் அடுத்த அறைக்குச் சென்று கேட்கலாம். எழுத்து அங்கே நேர்ப்பேச்சின் துணையாகவே அமைந்தது. எழுதுபவரும் வாசிப்பவரும் ஒருவரையொருவர் காணாத நிலை, கணனி ஒரு விற்பனைப் பண்டமாகப் பெருகியபோதே ஏற்பட்டது. நிறுவல் கைந்நூல் ஒரு தனி எழுத்துவகையாகப் பிரிந்ததும் அப்போதுதான்.

3. பண்டமாதலும் கைந்நூலின் எழுச்சியும்

1964 ஏப்ரல் 7ஆம் தேதி ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360 பொறிக் குடும்பம் இவ்வகையிலே ஒரு திருப்புமுனை எனலாம். சிறிய பொறி முதற் பெரிய பொறி வரை ஒரே கட்டளைத் தொகுதியில் இயங்கும் என்பதே அதன் அடிப்படை. ஆனால் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் நினைவகத்தின் அளவு வேறு, வட்டுக்களும் நாடாக்களும் வேறு, தேவையும் வேறு. ஆகவே ஓஎஸ்/360 என்னும் பணிசெயல் முறைமை, முடிந்த பொருளாக அன்றி, ஒவ்வோர் இடத்திலும் புதிதாக ஆக்கப்பட வேண்டிய மூலப்பொருளாகவே அனுப்பப்பட்டது. இவ்வாறு ஆக்கும் செயலே முறைமைப் பிறப்பாக்கம் எனப்பட்டது.

அதன் செயல்முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். முதற்கட்டத்திலே, தனது நிலையத்தின் பொறியமைப்பையும் தான் விரும்பும் தெரிவுகளையும் நிறுவுபவர் துளை அட்டைகளிலே குறித்தெழுதுவார். அவ்விவரணத்தை ஒரு செய்நிரல் வாசித்து, இரண்டாங்கட்டத்துக்கு வேண்டிய நீண்ட வேலைக் கோவையைப் பிறப்பிக்கும். இரண்டாங்கட்டத்திலே அக்கோவை பல மணி நேரம் ஓடி, உறுப்புகளைத் தொகுத்து, அந்நிலையத்துக்குரிய முறைமையை உருவாக்கும். முதலிற் குறித்த ஒரு விவரம் பிழைத்தால் அது பல மணி நேரத்தின் பின்னரே வெளிப்படும். வேலையை மீண்டும் தொடங்க நேரும். இத்தகைய செயலுக்கு எழுத்து வடிவான வழிகாட்டல் இன்றியமையாததாயிற்று.

இம்முறைமையின் ஆக்கத்துக்குத் தலைமை தாங்கிய பிரெட்றிக் புறூக்ஸ் 1975இல் வெளியிட்ட 'த மிதிக்கல் மான்-மந்த்' என்ற நூலிலே தரும் சான்று கருத்தூன்றி நோக்கத்தக்கது. 1963 முதல் 1966 வரை ஏறத்தாழ 5000 மனித ஆண்டுகள் அதன் வடிவமைப்பு, ஆக்கம், ஆவணமாக்கம் ஆகியவற்றிற் செலவாயின என்றும், உச்ச கட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உழைத்தனர் என்றும் அவர் கூறுவர். அவ்வாறு உழைத்தோரை வகைப்படுத்தும்போது நிரலாளர், எழுத்தாளர், பொறி இயக்குநர், எழுதுவினைஞர், செயலாளர், முகாமையாளர் என அவர் நிரைப்படுத்துகின்றார். எழுத்தாளர் இரண்டாமிடத்தில் நிற்கின்றனர். ஒருவர் தம் தேவைக்கு எழுதிய நிரலைப் பிறரும் பயன்படுத்தத்தக்க, பிறவற்றோடு இணையத்தக்க பொருளாக மாற்றுவதற்கு ஒன்பது மடங்கு செலவாகும் என்பது அவரது மதிப்பீடு. மாக்சியக் கலைச்சொற்களிற் கூறின், பயன்பெறுமானம் மட்டும் கொண்டிருந்த ஒன்று பரிவர்த்தனைக்குரிய பண்டமாவதற்கு வேண்டிய மேலதிக உழைப்பே இது. அவ்வுழைப்பின் ஒரு கூறு கைந்நூலெழுத்து.

எனினும் 1960களின் இறுதிவரை கைந்நூல் முழுப் பாரத்தையும் சுமக்கவில்லை. பொறியை வாடகைக்கு அல்லது விலைக்குப் பெற்றவருக்கு மென்பொருளும், ஐ.பி.எம்.மின் முறைமைப் பொறியியலாளரது உதவியும் தனிக் கட்டணமின்றியே கிடைத்தன. 1969 ஜனவரியிலே அமெரிக்க நீதித் திணைக்களம் ஐ.பி.எம்.முக்கு எதிராக ஏகபோகத் தடை வழக்கைத் தொடுத்தது. அதே ஆண்டு ஜூன் 23ஆம் தேதி, மென்பொருளுக்கும் சேவைகளுக்கும் தனித்தனி விலை குறிக்கப்படும் என அந்நிறுவனம் அறிவித்தது. அன்றுவரை மனித உறவாக இருந்த உதவி, மணிக்கணக்கில் விலை பெறும் பண்டமாயிற்று. உதவிக்கு வரும் பொறியியலாளருக்குக் கட்டணம் செலுத்த வேண்டியபோது, அவரின்றியே நிறுவ உதவும் நூலின் பெறுமானம் உயர்ந்தது. இவ்வகையில் நிறுவல் கைந்நூலின் எழுச்சியை, எழுத்துத் திறனின் வளர்ச்சியாக மட்டுமன்றிச் சேவை விலைப்படுத்தப்பட்டதன் விளைவாகவும் நாம் விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

இதற்கு மறுபுறமும் உண்டு. முன்னர் வாடிக்கையாளர் பலருக்கு மூல நிரலும், உள்ளமைப்பை விளக்கும் தருக்கக் கைந்நூல்களும் கிடைத்தன. நிலையங்களில் வேலைசெய்த முறைமை நிரலாளர் அவற்றை வாசித்தனர்; வேண்டியவிடத்து மாற்றினர்; தமக்குள்ளே பகிர்ந்துகொண்டனர். 1983இலே ஐ.பி.எம். இனி இயந்திர மொழி வடிவத்தை மட்டுமே வழங்கும் கொள்கையை அறிவித்ததோடு இவ்வழி படிப்படியாக அடைபடலாயிற்று. மூலத்தை வாசிக்கும் உரிமை குறைந்தபோது, 'எவ்வாறு இயங்குகின்றது' என்பதைக் கூறும் நூல் பின்தள்ளப்பட்டு, 'இதனைச் செய்க' எனக் கூறும் நூலே முன்னிலை பெற்றது. மூலநூல் பூட்டப்பட்டு உரை மட்டும் வழங்கப்பட்ட நிலைக்கு இதனை ஒப்பிடலாம்.

4. வடிவமும் மொழியும்

வடிவம் என்பது உறைந்துபோன சமூக உறவு என்ற நோக்கில், இக்கைந்நூல்களின் சில உறுப்புகளை இங்கு கவனிப்போம்.

ஐ.பி.எம். கைந்நூல் ஒவ்வொன்றும் ஒரு படிவ எண்ணைத் தாங்கி வந்தது. அவ்வெண்ணின் முதலெழுத்தே அந்நூல் பொதுவாக வழங்கப்படுவதா, விற்கப்படுவதா, உரிமம் பெற்றவருக்கு மட்டுமே உரியதா என்பதைச் சுட்டியது. வாசகருக்கும் நூலுக்கும் இடையிலான சொத்துடைமை உறவு, பொருளடக்கத்துக்கு முன்னரே அட்டையில் நின்றது. பக்க ஓரத்திலே வரையப்பட்ட செங்குத்துக் கோடு, அவ்விடத்தில் முன்பதிப்பினின்றும் பொருள் மாறியுள்ளது எனக் காட்டியது. நூல் முழுவதும் மீள அச்சிடப்படாமல், மாற்றுத் தாள்கள் மட்டும் அனுப்பப்பட்டு, கோப்பிலே பழைய தாள் நீக்கிப் புதிய தாள் செருகப்படும் வழக்கமும் நிலவியது. முடிவுறாத நூல், ஒருபோதும் முழுமையாக ஒரே காலத்துக்குரியதாகாத நூல் என இதனைக் கூறலாம். ஓஎஸ்/360 திட்டத்தின் உள்ளகப் பணிக்கோப்பு அரையாண்டிலே ஏறத்தாழ ஐந்து அடித் தடிப்பை அடைந்தமையாலும், நாளொன்றுக்கு 150 பக்கமளவில் மாற்றுத் தாள் செருக வேண்டியிருந்தமையாலும் அதனை நுண்படலத்துக்கு மாற்றினர் என்ற புறூக்ஸின் செய்தி, இவ்வேலையின் பரிமாணத்தைப் புலப்படுத்தும்.

நூலின் இறுதியிலே வாசகர் கருத்துப் படிவம் ஒன்று இணைக்கப்பட்டிருக்கும். பிழைகளையும் ஐயங்களையும் குறித்து அனுப்புமாறு அது வேண்டும். அவ்வாறு அனுப்பப்படும் தகவலை எவ்விதக் கடப்பாடுமின்றித் தான் விரும்பியவாறு பயன்படுத்தும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்ற அறிவித்தலும் அப்படிவத்திலே இடம்பெறும். நூலைச் செம்மைப்படுத்தும் உழைப்பின் ஒரு பகுதி கூலியின்றி வாசகரிடமிருந்து பெறப்பட்டமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மொழியை நோக்கின், ஏவல் வினையே இவ்வெழுத்தின் முதுகெலும்பு. எழுவாய் கூறப்படுவதில்லை, செய்பவர் யார் என்பது தெரிந்ததாகவே கொள்ளப்படும். ஆனால் தவறு நேரும் இடங்களில் மட்டும் வினை செயப்பாட்டு வடிவம் பெறும்: தரவு இழக்கப்படலாம், செயல் நிறுத்தப்படலாம் என்றே கூறப்படும். இழக்கச் செய்தது எது என்பது வாக்கியத்தினின்றும் மறைந்துவிடும். கட்டளைக்குச் செய்பவர் உண்டு. குற்றத்துக்குச் செய்பவர் இல்லை. இது தனிப்பட்ட எழுத்தாளரின் நடைக் குறைபாடன்று. விற்ற நிறுவனத்தின் சட்டப் பொறுப்பைக் குறைக்கும் தேவை வாக்கிய அமைப்புக்குள்ளே புகுந்தமையின் விளைவே அது.

இனி ஆக்கியோன் பெயருக்கு வருவோம். வேலைகொள்வோரின் பணியாக எழுதப்பட்ட எழுத்துக்கு வேலைகொள்வோரே ஆக்கியோராகக் கருதப்படுவர் என 1976ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் தெளிவாகக் கூறுகின்றது. உழைப்பாளி தான் ஆக்கிய பொருளினின்றும் அந்நியப்படுதல் பற்றி மாக்ஸ் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளிலே விளக்கியது, இங்கு உவமையாக அன்றிச் சட்டவாசகமாகவே நிற்பதைக் காண்கின்றோம். எழுதியவர் எழுத்தாளரல்லர், எழுதுவித்த மூலதனமே எழுத்தாளர்.

5. கட்டளை அட்டையும் கைந்நூலும்

1911இலே பிரெட்றிக் ரெய்லர் வகுத்த விஞ்ஞானபூர்வ முகாமைத்துவக் கோட்பாட்டின்படி, தொழிலாளி செய்யவேண்டிய வேலை முழுவதும் முதல்நாளே முகாமையாளரால் எழுத்திலே திட்டமிடப்பட்டு, கட்டளை அட்டையாக அவரிடம் கொடுக்கப்படல் வேண்டும். 1974இல் ஹரி பிறேவர்மன் தமது நூலிலே இதனை, சிந்தனையைச் செயலினின்றும் பிரிக்கும் முயற்சி என விளக்கினார். 1977இல் பிலிப் கிறாவ்ற் இவ்வாய்வு முறையை நிரலாளர் மீது பிரயோகித்து, நிரலாக்கமும் துண்டாடப்பட்டு வழக்கமான வேலையாக்கப்படுகின்றது என வாதிட்டார்.

நிறுவல் கைந்நூலை ரெய்லரின் கட்டளை அட்டையின் வழித்தோன்றலாகக் கொள்ளுதல் எளிது. ஓரளவுக்கு அது பொருந்தும். ஆனால் அவ்வளவோடு நிற்பது வாய்பாட்டுவாதமாகும். இரண்டுக்குமிடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. கட்டளை அட்டை ஒரே முதலாளியின் கீழ், முகாமையாளரிடமிருந்து தொழிலாளிக்குச் செல்வது. நிறுவல் கைந்நூலோ விற்கும் நிறுவனத்தின் கூலியுழைப்பாளரொருவர், வாங்கும் நிறுவனத்தின் கூலியுழைப்பாளருக்கு எழுதுவது. இருவருக்குமிடையே இரண்டு மூலதனங்கள் நிற்கின்றன. எழுதுபவர் உண்மையை முழுதும் கூற விழைந்தாலும் விற்பனை நலன் அதனை மட்டுப்படுத்தும். வாசிப்பவர் முழுதும் விளங்கிக்கொள்ள விழைந்தாலும் வேலையை விரைவில் முடிக்குமாறு அவரது நிறுவனம் நெருக்கும். ஒருவரையொருவர் ஒருபோதும் சந்திக்காத இவ்விரு உழைப்பாளருக்கும் இடையே நிகழும் அறிவுப் பரிமாற்றம், பண்டப் பரிமாற்றத்தின் உள்ளே நடைபெறுகின்றது. ஆகவே இக்கைந்நூல் அடக்கும் கருவியாகவும் விடுவிக்கும் கருவியாகவும் ஒருங்கே தொழிற்படும் முரண்பாட்டைத் தன்னகத்தே கொண்டுள்ளது. அனுபவசாலி ஒருவரிடம் மட்டுமே இருந்த அறிவை அது கவர்ந்து கொள்கின்றது. அதே அறிவை அனுபவமற்ற நூறு பேருக்குக் கொடுக்கவும் செய்கின்றது.

மேலும், எழுத்து ஒருபோதும் வேலையை முழுதாக அடக்கிவிடுவதில்லை. 1987இலே லூசி சச்மன் நகலெடுக்கும் பொறியைப் பயன்படுத்துவோரை அவதானித்து, எந்தக் கட்டளையும் அதனைப் பின்பற்றுவோரின் சூழ்நிலை அறிவாலேயே நிறைவு பெறுகின்றது எனக் காட்டினார். செரொக்ஸ் நிறுவனத்தின் பழுதுபார்ப்போரைப் பற்றி ஜூலியன் ஓர் 1996இல் வெளியிட்ட ஆய்வும் இவ்விடத்திலே பொருந்தும். அத்தொழிலாளர், நிறுவனம் தந்த ஆவணங்கள் கைவிட்ட இடங்களிலே, உணவு வேளைகளில் தமக்குள்ளே கூறிக்கொண்ட அனுபவக் கதைகளால் அறிவைக் காத்துப் பகிர்ந்தனர். கைந்நூலின் ஓரத்திலே பென்சிலால் எழுதப்படும் குறிப்பும் இத்தகையதே. ஏட்டுப் பிரதிகளில் உரைகாரர் விட்ட இடத்தை மாணாக்கர் குறிப்பு நிரப்பிய மரபை நாம் அறிவோம். இங்கும் அதுவே நிகழ்ந்தது.

6. மாற்று மரபு

வரலாறு ஒரே வழியிற் செல்லவில்லை. பெல் ஆய்வுகூடத்தில் உருவான யுனிக்ஸ் முறைமையின் முதற் கைந்நூல் 1971 நவம்பர் 3ஆம் தேதியைத் தாங்கி வெளியாயிற்று. அதிலே ஒவ்வொரு கட்டளையின் விளக்கத்திலும் அதற்கு உரியவர் பெயர் குறிக்கப்பட்டது. அறியப்பட்ட குறைகளுக்கென ஒரு தலைப்பும் ஒதுக்கப்பட்டது. ஆக்கியோன் பெயரும் குற்ற ஒப்புதலும் ஒருங்கே இடம்பெற்றமை தற்செயலானதன்று. அன்று அம்முறைமை விற்பனைப் பண்டமாக இருக்கவில்லை. 1956ஆம் ஆண்டு நீதிமன்ற இணக்க ஆணை காரணமாக, ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனம் மென்பொருள் வணிகத்தில் இறங்க முடியாதிருந்தது. பல்கலைக்கழகங்கள் அதனை மூல நிரலோடு, ஆனால் உதவிச் சேவையின்றிப் பெற்றன. விற்பனை நலன் இல்லாதவிடத்துக் குறையை மறைக்க வேண்டிய தேவையும் இல்லை.

1979இல் வெளியான ஏழாம் பதிப்புடன் சாள்ஸ் ஹேலியும் டெனிஸ் றிச்சியும் தம் பெயரிலே எழுதிய நிறுவற் குறிப்பு வந்தது. சில பக்கங்களே கொண்ட அக்குறிப்பு, வாசகரை மூலத்தைத் திறந்து பார்க்கக்கூடிய சக தொழிலாளராகக் கொண்டு பேசியது. நூலின் சுருக்கம், வாசகர் மீது கொண்ட நம்பிக்கையின் அளவாயிற்று. 1984இலே ஏ.ரி. அன்ட் ரி. பிரிக்கப்பட்டு வணிகத் தடை நீங்கிய பின்னர் யுனிக்ஸும் பண்டமாயிற்று என்பது, இத்தன்மை எழுத்தாளரின் குணத்தைவிட உற்பத்தி உறவையே சார்ந்திருந்தது என்பதை உணர்த்தும்.

1983இல் றிச்சட் ஸ்ரோல்மன் அறிவித்த குனூ திட்டம் இம்மரபைப் புதிய அடிப்படையில் மீட்க முயன்றது. மென்பொருளை மாற்றும் சுதந்திரம் உண்டெனில், அதனை விளக்கும் நூலை மாற்றும் சுதந்திரமும் வேண்டும் என்ற நிலைப்பாட்டினின்றே 2000ஆம் ஆண்டில் குனூ கட்டற்ற ஆவண உரிமம் பிறந்தது. நூலைத் திருத்துவோர் முன்னைய ஆக்கியோர் பெயரைப் பேண வேண்டும் என அவ்வுரிமம் விதிக்கின்றது. கைந்நூலின் உடைமை ஓர் அரசியற் பிரச்சினை என வெளிப்படையாகக் கொள்ளப்பட்டமை இம்முயற்சியின் முக்கிய பங்களிப்பாகும். எனினும், ஆவணமெழுதும் உழைப்புக்கு ஊதியம் எங்கிருந்து வரும் என்ற வினாவுக்கு அது நிறைவான விடையைத் தரவில்லை. கட்டற்ற மென்பொருள்கள் பலவற்றின் கைந்நூல்கள் நிரலுக்குப் பின்தங்கியே நிற்பதன் காரணமும் இதுவே.

7. துண்டாக்கப்பட்ட நூல்

1972இலே ஐ.பி.எம்.மினின்றும் வெளியேறிய ஐவர் ஜேர்மனியின் வைன்ஹைமில் எஸ்.ஏ.பி. நிறுவனத்தைத் தொடங்கினர். 1992இல் அது வெளியிட்ட ஆர்/3, பெருநிறுவனத்தின் முழு நடவடிக்கையையும் ஒரே முறைமைக்குள் அடக்க முயன்றது. அதன் தரவுத்தளத்திலே கம்பனிக் குறியீட்டுக்குரிய புலம் 'புக்ர்ஸ்' என்றும், பொருளெண்ணுக்குரிய புலம் 'மாற்நர்' என்றும் ஜேர்மன் சொற்களின் சுருக்கங்களாகவே நிற்கின்றன. எத்தேசத்துத் தொழிற்சாலையில் நிறுவப்பட்டாலும் அவற்றை நிறுவுபவர் கற்றேயாக வேண்டும். இத்தகைய முறைமையைக் கைந்நூல் மட்டும் கொண்டு நிறுவுதல் அரிது. ஆலோசனை நிறுவனங்கள் இவ்விடைவெளியிலே செழித்தன. கைந்நூலின் நிறைவின்மையே ஒரு புதிய சந்தையாயிற்று.

எழுதும் வேலையும் மாறியது. ஐ.பி.எம்.மின் ஆய்வு நிலையத்திலே ஜோன் கரோல் மேற்கொண்டு 1990இல் நூலாக்கிய ஆய்வுகள், கற்போர் கைந்நூலைத் தொடர்ச்சியாக வாசிப்பதில்லை, உடனே செயலில் இறங்கவே விரும்புகின்றனர் எனக் காட்டிச் சுருங்கிய கைந்நூலை வலியுறுத்தின. வாசகரின் முன்னறிவை மதித்த இக்கருத்து முற்போக்கானது. ஆனால் நடைமுறையிலே சுருக்கம் என்பது செலவுக் குறைப்பின் மறுபெயராகவும் பயன்பட்டது. பின்னர் அதே ஐ.பி.எம்.மில் உருவாகி 2005இலே பொது நியமமாக ஏற்கப்பட்ட டீற்றா என்னும் முறை, நூலைக் கருத்து, செயல், உசாத்துணை என்னும் தனித்தனித் துண்டங்களாகப் பிரித்தது. ஒரு துண்டம் பத்து நூல்களில் மீளப் பயன்படும். எழுத்தாளர் ஒருவர் நூல் எழுதுவதில்லை. துண்டங்களை எழுதுகின்றார், அவற்றைப் பொறி கோக்கின்றது. கைவினைஞரது முழுப்பொருள், தொழிற்சாலையிலே உதிரிப் பாகமாகியதன் எழுத்து வடிவம் இது. 1953இல் வேரூன்றிய தொழினுட்பத் தொடர்பாடற் சங்கம் என்னும் அமெரிக்க அமைப்பு, பெயரற்ற இவ்வெழுத்தாளருக்கு ஒரு தொழில்முறை அடையாளம் தேட முயன்றது. 2025இன் தொடக்கத்திலே அது வங்குரோத்து அடைந்து மூடப்பட்டது.

8. வாசகர் பொறியாகும்போது

இன்றைய கட்டத்திலே இம்மாற்றம் மேலும் ஒருபடி சென்றுள்ளது. மார்க் பேர்கெஸ் 1993இல் தொடங்கிய சி.எவ். என்ஜின், 2005இன் பப்பெற், 2013இன் டொக்கர், 2014இன் குபனெற்றீஸ் என்னும் வரிசையை நோக்கின், முன்னர் மனிதருக்கு எழுதப்பட்ட நிறுவற் படிகள் படிப்படியாகப் பொறிக்கு எழுதப்படும் ஆணைக் கோவைகளாக மாறுவதைக் காண்கின்றோம். மறுபுறம், 1999இல் தொடங்கிய சேல்ஸ்போஸ் போன்ற நிறுவனங்கள் மென்பொருளைத் தமது சேவையகத்திலேயே வைத்து வாடகைக்கு விடுகின்றன. வாடிக்கையாளர் எதனையும் நிறுவ வேண்டியதில்லை, நிறுவும் அறிவும் அவரிடம் இருக்க வேண்டியதில்லை. மூலதனத்தின் முதலாம் தொகுதியில் மாக்ஸ் விளக்கிய, உயிருள்ள உழைப்பு பொறியிலே உறைந்த இறந்த உழைப்பாக மாறும் நிகழ்வின் நேரடி எடுத்துக்காட்டு இது. சமூகத்தின் பொது அறிவே உற்பத்திச் சக்தியாகின்றது என அவர் 1857-58 குறிப்பேடுகளிற் கூறியதும் இங்கு மெய்ப்படுகின்றது. ஆனால் அப்பொது அறிவு, தனியுடைமையாகவே பூட்டி வைக்கப்படுகின்றது.

இப்பிரச்சினை எமக்கு அந்நியமானதன்று. கொழும்பிலும் சென்னையிலும் பெங்களூரிலும் இன்று நூற்றுக்கணக்கான இளைஞர் இத்தகைய ஆவணங்களை ஆங்கிலத்திலே எழுதிப் பிழைக்கின்றனர். 2005இலே தொடங்கப்பட்ட டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தின் ஒருங்கிணைப்பு மென்பொருளும் அதன் ஆவணங்களும் பெரும்பாலும் கொழும்பிலே ஆக்கப்பட்டவை. எழுதுவோர் இங்கிருப்பினும், எழுத்தின் மொழி இங்குள்ள பெரும்பான்மையோரின் மொழியன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். செயல்முறை விளக்கும் உரைநடை தமிழிலே இயலாது என்ற வாதத்துக்கு அவரது பணி போதிய மறுப்பாகும். இன்றைய தடை மொழியின் ஆற்றல் பற்றியதன்று. தமிழிலே நிறுவல் கைந்நூல் எழுதுவதாற் சந்தைக்குப் பயனில்லை என்பதே தடை.

மேற்கூறியவற்றினின்றும் மூன்று முடிவுகளை நாம் பெறலாம். முதலாவது, நிறுவல் கைந்நூலின் வடிவம், நீளம், நடை ஆகிய யாவும் மென்பொருளின் உடைமை உறவோடு சேர்ந்தே மாறியுள்ளன. மூலம் திறந்திருந்த வேளையில் கைந்நூல் சுருங்கியும் பெயர் தாங்கியும் நின்றது. மூலம் பூட்டப்பட்டபோது விரிந்தும் பெயர் இழந்தும் நின்றது. இரண்டாவது, அதனை எழுதியோர் வெறும் எழுதுவினைஞரல்லர். உற்பத்தியின் உள்ளிருந்த உரைகாரர். அவர்களது உழைப்பை விலக்கிய உரைநடை வரலாறு முழுமையாகாது. மூன்றாவது, ஆணைக் கோவை கைந்நூலின் இடத்தைப் பிடிக்கும்போது, எதனைச் செய்வது என்பது பாதுகாக்கப்படுகின்றது. ஏன் அவ்வாறு செய்வது என்பதே முதலில் அழிகின்றது. அந்த 'ஏன்' எழுத்திலே நிலைத்திருந்தாலொழிய, பொறி பழுதுற்ற நாளிலே அதனை வேறொருவர் கேட்டறிய முடியாது. பொதுப் பணத்தில் இயங்கும் மருத்துவமனை, நூலகம், பல்கலைக்கழகம் ஆகியவற்றின் முறைமைகளைப் பொறுத்தவரையேனும், அவ்வறிவு எழுதியோர் பெயருடன், மக்கள் மொழியில், பொதுச் சொத்தாக இருத்தல் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதே. அதனை முன்வைப்பது கணனியியலாளரின் கடமை மட்டுமன்று. மொழியையும் உழைப்பையும் ஒருங்கே ஆராயும் எம்போன்றோரின் கடமையுமாகும்.